பட்டியலுக்குக் கண் இல்லை

மும்பையில் இன்று ஒரு தமிழ்க் கல்யாணம் நிச்சயமானால், மண்டபமும் சமையலும் சாஸ்திரிகளும் அமைந்த கையோடு ஒரு எக்ஸெல் தாளும் தயாராகிவிடுகிறது. இடப்பக்கக் கட்டங்களில் நாளின் கூறுகள்: மாப்பிள்ளை வருகை, பெண் வருகை, மாலை மாற்றல், ஊஞ்சல், தாலி, சப்தபதி, வரவேற்பு, கேக். வலப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு, எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் அடங்க வேண்டும் என்ற குறிப்போடு. கீழே எங்காவது ‘நாதஸ்வரம், காலை 7 முதல் 9.30 வரை, மெல்லிய பின்னணி’ என்று ஒரு வரி இருக்கும். சில தாள்களில் அதுவும் இருக்காது.

இந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. எங்கள் நாள், எங்கள் ரசனை, எங்கள் பாட்டு. மேளம் என்பது தாத்தா பாட்டியின் மனசு கோணக்கூடாது என்று வைத்துக்கொள்வது. எல்லாக் கல்யாணத்திலும் ஒரே மாதிரி ஒலிப்பது. மணமக்களின் கதை அதில் இல்லை. கல்யாண ஏற்பாட்டாளர்கள் இதைச் சொல்கிறார்கள், ரீல்ஸ் சொல்கிறது, செம்பூரில் பெண்ணைப் பெற்றவர்களும் ‘குழந்தைகள் ஆசைப்படறா’ என்று தலையாட்டுகிறார்கள். ரசனை கெட்டுவிட்டது என்று புலம்ப நான் வரவில்லை. மணமக்கள் தேர்ந்தெடுக்கும் பாட்டுகளில் பல நல்ல பாட்டுகள். நாளைத் துண்டு போட்டுத் துண்டுக்கு ஒரு பாட்டு ஒட்டினால் கல்யாணத்துக்கு இசை அமைந்துவிடும் என்ற கணக்குதான் தப்பு. அப்படி ஒட்டிய பாட்டு அந்த இடத்தில் இசை செய்ய வேண்டிய வேலையைச் செய்யாது.

தாலி கட்டும் நேரத்தையே எடுத்துக்கொள்வோம். பட்டியல்காரர்கள் அதற்கு ஒதுக்குவது ஒரு நிமிடம்கூட இருக்காது. மாட்டுங்கா மண்டபத்தில் அந்த நேரத்தில் என்னவெல்லாம் நடக்கிறது? பெண் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருக்கிறாள். ஒன்பது கஜப் புடவை, கழுத்தில் கனத்த மாலை, பின்னல் முழுக்கப் பூ. மாப்பிள்ளை மஞ்சள் சரட்டைக் கையில் வாங்கியாயிற்று. அத்தை ஒருத்தி பின்னாலிருந்து மாலையைத் தூக்கிப் பிடிக்கிறாள். ‘சார், இதர் தேக்கியே’ என்று படக்காரர் மாப்பிள்ளையின் முகத்தைத் திருப்பப் பார்க்கிறார். சரடு பின்னலில் சிக்குகிறது. முதல் முடிச்சு மாப்பிள்ளை போட்டதும் மற்ற இரண்டையும் நாத்தனார் போட வேண்டும். அவள் கையிலோ விளக்கு. அதை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். இவ்வளவும் எத்தனை நொடி என்று எந்தத் தாளிலும் எழுத முடியாது.

மேடை ஓரத்தில் தவில்காரர் இதை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார். சாஸ்திரிகளின் கை உயரும்வரை நாயனத்தில் ஏதோ ஒரு ராகம் இழைந்துகொண்டிருக்கும். கை உயர்ந்து, ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்!’ என்ற குரல் முழுசாக வெளியே வருவதற்குள் அவருடைய வலது கை விரல்களில் மாட்டிய கூடுகள் வலந்தலையில் இறங்கிவிடும், இடது கைக் கழி தொப்பியில் இறங்கிவிடும். பிறகு மூன்றாவது முடிச்சு விழும்வரை நிறுத்தமில்லை. சரடு சிக்கினால் மேளம் நீளும், நாத்தனார் கைவேகக்காரி என்றால் சுருங்கும். கடைசி முடிச்சைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தீர்மானம் வைத்து நிறுத்துவார்.

கைபேசியில் ஏற்றிய பாட்டுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? முதல் முடிச்சோடு பாட்டு தீர்ந்துபோய், அசட்டு மௌனத்தில் மற்ற இரண்டு முடிச்சும் விழுந்த கல்யாணங்கள் உண்டு. அட்சதை விழுந்து, அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோரும் கை குலுக்கிய பிறகும் பல்லவி விடாமல் சுற்றிக்கொண்டிருக்க, ஒலிபெருக்கிப் பையன் பதறி அதைப் பாதியில் அறுத்ததும் உண்டு. மாங்கல்யம் கழுத்தில் ஏறும் நேரத்தில் விளம்பரம் குறுக்கிட்டு, அரங்கம் முழுக்கக் கூந்தல் தைலத்தின் மகிமை ஒலித்ததும் உண்டு.

தும்மல், அழுகை, அச்சானியமான சொல் எதுவும் அந்த நேரத்தில் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் கெட்டிமேளம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் அதனால் ஓர் உபயோகம் உண்டு. மும்பை மண்டபங்களில் மேடை ஒரு மாடி, சாப்பாடு வேறு மாடி. டிபன் பந்தியில் பொங்கலை முடித்துவிட்டுக் காப்பிக்குக் காத்திருப்பவர், வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்பவர், கீழே வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பவர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகிறது. டம்ளரை வைத்துவிட்டு மாடிப்படியில் ஓடுகிறார்கள். உள்ளே ஏற்கெனவே ஸ்பீக்கரில் பாட்டு மாற்றிப் பாட்டு வந்துகொண்டே இருந்தால், எந்தப் பாட்டுக்கு ஓடுவது?

நம் கல்யாண நாள் எப்போதும் கூறு கூறாகப் பிரிந்ததுதான். ஒவ்வொரு கூறிலும் இசைக்கு வேலை வேறு. ஜானவாசத்தில் அதற்கு அவசரமே கிடையாது. மாப்பிள்ளை காரில் வீதி சுற்றி வரும்வரை நேரம் நாயனக்காரருடையது. தோடியோ சண்முகப்பிரியாவோ எடுத்து முக்குக்கு முக்கு நின்று விரிப்பார். தோடி என்றாலே திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) பெயர்தான் நினைவுக்கு வரும். அவர் மரபில் வந்தவர்களின் ராக விரிவுக்குக் கோயில் புறப்பாடும் கல்யாண ஊர்வலமும்தான் பள்ளிக்கூடம். குடையும் கைத்தடியும் விசிறியுமாக மாப்பிள்ளை காசிக்குக் கிளம்பினால் குறும்பாக ஒரு துக்கடா. மாமன்மார் இரு பக்கமும் தோளில் தூக்கிக்கொண்டு மாலை மாற்ற விடாமல் பின்வாங்கினால் அந்த இழுபறிக்குத் தவில் சொல் கொடுக்கும். ஊஞ்சலில் ஆனந்தபைரவி, நவரோஜ் என்று தாலாட்டுகிற ராகங்கள். ஹோமத்தில் மந்திரம் கேட்க வேண்டும், அங்கே அடங்கி உட்கார்ந்திருப்பார்கள். எதை எங்கே வாசிக்கக்கூடாது என்பதும் வித்தையில் சேர்த்திதான். மல்லாரி சுவாமி புறப்பாட்டுக்கு உரியது. மாப்பிள்ளை வரும்போது அதை வாசியுங்கள் என்றால் பழைய மேளச் செட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். ஆகிரியைத் தொட்டால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று ஒரு பேச்சு உண்டு. இலை போடும் வீட்டில் யார் அந்த வம்பை விலைக்கு வாங்குவார்கள்?

இத்தனை தேர்வுகளையும் அவர் அந்தந்த நிமிடத்தில், எதிரே நடப்பதைப் பார்த்துச் செய்கிறார். ஆகவே கல்யாணத்துக்கு இசை தேர்ந்தெடுப்பது என்றால் வாசிக்கிற ஆளைத் தேர்ந்தெடுப்பது. எந்த ஆள், எத்தனை பேர், எங்கே உட்காரப் போகிறார், அங்கிருந்து அவருக்கு என்ன தெரியும் என்பவைதான் மணமக்களும் பெற்றவர்களும் உட்கார்ந்து பேச வேண்டியவை. பாட்டை அவர் பார்த்துக்கொள்வார்.

‘அதில் எங்கள் கதை இல்லையே’ என்பார்கள். கதை இருந்த இடம் ஒன்று உண்டு. அதைப் பட்டியல்தான் மூடியது. ஊஞ்சலில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார, பாலால் கால் அலம்பி, பச்சைப்பிடி சுற்றி நாலு திசையிலும் எறிந்து, சொம்பு நீரும் விளக்குமாகச் சுமங்கலிகள் வலம் வரும் நேரம் முழுக்கப் பெண்களின் பாட்டு. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாரா வாரம் பஜனை, ஸ்லோக வகுப்பு என்று தொண்டையைப் பழக்கி வைத்திருக்கும் மாமிகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் பிரபல பாடகி ஸ்டூடியோவில் வீணையும் புல்லாங்குழலும் சேர்த்துப் பாடிய ஊஞ்சல் பாட்டு ஸ்பீக்கரில் வந்ததும் அவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். அதோடு யார் போட்டி போடுவார்கள்? சுருதி விலகினாலும் சொந்தக் குரலில் பாடுவதற்கு அந்த வீட்டில் அத்தைக்கும் சித்திக்கும் இருந்த ஒரே மேடை அது.

நலங்கில் இது இன்னும் மோசம். தேங்காய் உருட்டி, ஒருவர் தலையில் ஒருவர் அப்பளம் உடைத்து விளையாடும் நேரத்தில் சம்பந்தி வீட்டைக் கேலி பண்ணும் பாட்டுகளுக்கு மெட்டு மட்டும்தான் பழசு. பெயரும் குறையும் அங்கேயே செருகப்படுபவை. தாதரில் இறங்கி டாக்ஸிக்குக் காசு கொடுக்க மனசில்லாமல் பெட்டியோடு நடந்தே வந்த சம்பந்தி மாமா, மாப்பிள்ளையின் முன் வழுக்கை, பெண்ணுக்கு ரசம் வைக்கத் தெரியாத சேதி எல்லாம் அன்றைக்குப் பாட்டில் ஏறும். எதிர்க்கட்சிக்காரி உடனே பதில் பாட்டு கட்டுவாள். மணமக்களின் கதையை இதைவிடக் கிட்டத்தில் போய்ச் சொன்ன பாட்டு எந்தப் பட்டியலில் இருக்கிறது? கோடிப் பேர் காதில் ஏற்கெனவே ஓடிய ஒரு காதல் பாட்டை எடுத்து ‘எங்கள் கதை’ என்று பெயர் வைப்பதை என்ன சொல்ல.

இதைப் படித்துவிட்டு, ‘பார்த்தீர்களா, மங்கல வாத்தியம்தான் உயர்ந்தது, மற்றதெல்லாம் அபசாரம்’ என்று ஒரு கோஷ்டி எனக்குப் பொன்னாடை போர்த்த வரும். அவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கல்யாணத்தில் முரசும் மத்தளமும் சங்கும் முழங்குகின்றன. ஆண்டாள் கனவில் கண்ட கல்யாணத்தில் மத்தளமும் சங்கும்தான். நாதஸ்வரம் இரண்டிலும் இல்லை. வாத்தியம் மாறும், மாறியிருக்கிறது. சினிமா கலந்ததால் கெட்டுப்போயிற்று என்பதும் வெறும் வீம்பு. காருகுறிச்சி அருணாசலம் 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்துக்காக எஸ். ஜானகியின் குரலோடு ஆபேரியில் வாசித்தார். அதற்குப் பிறகு அந்தப் பாட்டைக் கேட்காத செட்டும் இல்லை, வாசிக்காத செட்டும் இல்லை. 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜியின் வாத்தியத்துக்குள் ஒலித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம். சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது பத்து ரூபாய் நோட்டைச் சுருட்டிக் கொடுத்து சினிமாப் பாட்டு கேட்ட மாமாக்கள் எல்லாத் தலைமுறையிலும் இருந்திருக்கிறார்கள். சங்கீத், மெஹந்தி எல்லாம் வடக்கத்திப் பழக்கம் என்று முகம் சுளிப்பவர்களின் தாத்தா, திறந்த காரில் கோட்டு சூட்டு போட்டு பேண்டு வாத்தியத்தோடு ஜானவாசம் போனவராக இருப்பார். அந்தக் கோட்டு எந்த ஆகமத்தில் இருந்தது?

பட்டியல் யோசனை மேற்கிலிருந்து வந்தது என்பதால் அங்கே எப்படி என்றும் பார்க்கலாம். பெண் உள்ளே வர ஒரு இசை, ஜோடியாக வெளியே போக ஒரு இசை என்று அங்கே நிலைத்ததற்குப் பெரிய காரணம் 1858இல் விக்டோரியா ராணியின் மூத்த மகள் கல்யாணம். வாக்னரின் ஓப்பராவிலிருந்து ஒன்று, மெண்டல்சனின் நாடக இசையிலிருந்து ஒன்று எடுத்து வாசித்தார்கள், ஊரே பிடித்துக்கொண்டது. ஆனால் மாதா கோயிலில் அதை வாசித்தது ஆர்கன்காரர். பெண் வாசலில் அங்கியைச் சரிசெய்துகொண்டு தாமதித்தால் இரண்டு வரியைத் திருப்பி வாசித்து இழுப்பார். பீடத்துக்கு வந்து சேர்ந்ததும் எந்த இடத்தில் இருந்தாலும் அழகாக முடித்துவிடுவார். அங்கேயும் ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நாம் பட்டியலை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பக்கத்து வீட்டு மராட்டியக் கல்யாணத்தில் மங்களாஷ்டகம் பாடி முடித்து, இருவருக்கும் நடுவே பிடித்த அந்தர்பாட் துணி விலகும் நொடியில்தான் வாஜந்திரிகள் முழங்குவார்கள். மங்களாஷ்டகத்துக்கு அளவு கிடையாது. தங்கை ஒரு சுலோகம் எழுதி வந்திருப்பாள், மாமா இன்னொன்று. வாத்தியக்காரர்கள் காத்திருப்பார்கள். தமிழ்ப் பெண்ணும் மராட்டியப் பையனும் சேரும் கல்யாணங்கள் செம்பூரில் இப்போது சர்வ சாதாரணம். ‘அவர்களுக்கு நம் மேளம் புரியாது, அதனால் பொதுவாக ஹிந்திப் பாட்டு வைத்தோம்’ என்ற சமாதானம் அங்கே செல்லாது. கெட்டிமேளம் எதற்கு என்று மராட்டிய மாமியாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கோலிவாடாக்காரர்களின் ஹல்தி இரவில் பெஞ்சோ பார்ட்டிக்காரர்களைக் கவனியுங்கள்: கிழவி ஆட வந்தால் தாளத்தை இறக்குவார்கள், பையன்கள் வந்தால் ஏற்றுவார்கள். மைசூர் பாகு மாதிரி, பதம் பார்த்து இறக்குகிற வேலை அது.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் சத்தம். இதில் பாதி நியாயம் இருக்கிறது. நாதஸ்வரமும் தவிலும் வெட்டவெளிக்கும் கோயில் பிராகாரத்துக்கும் பிறந்தவை. தாழ்ந்த கூரை, கண்ணாடிச் சுவர், குளிர்சாதனம் என்று அடைத்த மண்டபத்தில் அவை மண்டையைப் பிளக்கத்தான் செய்யும். ஆனால் அந்த இரண்டுக்கும் முன்னால் ஆளுக்கொரு மைக் வைத்தவர் யார்? ஒரு மைல் கேட்கும் வாத்தியத்துக்கு ஒலிபெருக்கி போட்டுவிட்டு இரைச்சல் என்று குற்றம் சாட்டுவது எந்த ஊர் நியாயம். மைக்கை எடுத்துவிடுங்கள். பெரிய செட்டாக இருந்தால் வரவேற்கும் நேரத்தில் வாசலில் உட்கார வையுங்கள், முகூர்த்தத்துக்கு மட்டும் உள்ளே கூப்பிடுங்கள். உச்ச சுருதியில் கூவும் குட்டையான திமிரி நாயனம் வேண்டாம், அடக்கமாகப் பேசும் நீளமான பாரி இருக்கிறதா என்று கேளுங்கள். இதைக் கேட்பதுதான் உண்மையான தேர்வு. மேலும், 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு வைக்கின்றன. அதை இரவு பத்து மணிக்கு மீறி போலீஸ் வந்து நிற்பது டி.ஜே. ஆடும் வரவேற்பில். காலை ஏழரை முகூர்த்தத்துக்கு எந்த போலீஸும் வந்ததில்லை.

தாராவியில் இந்த விவாதத்துக்கு முகமே வேறு. மேளம், கெட்டிமேளம் எல்லாம் மாட்டுங்கா ஐயமார் சமாச்சாரம், நமக்கு டி.ஜே. போதும் என்று அங்கே இளைஞர்கள் சிலர் சொல்கிறார்கள். கோபத்தின் காரணம் புரிகிறது, குறி தவறுகிறது. நாதஸ்வரமும் தவிலும் பிடித்த கைகள் பெரும்பாலும் இசை வேளாளர், மருத்துவர் சமூகத்தாருடையவை. சுயமரியாதை இயக்கக் காலத்தில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் மதுரை சிவக்கொழுந்து வாசித்து வந்தபோது, தோளில் துண்டு போட்டிருப்பது மரியாதைக் குறைவு என்று பணக்காரர்கள் அதை எடுக்கச் சொன்னார்கள். அது வியர்வை துடைக்க என்று அவர் சொல்லியும் கேட்கவில்லை. துண்டை எடுக்காதே என்று அவர் பக்கம் நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரிசாமி. ஐயரே இல்லாமல் தலைவர் ஒருவர் முன்னிலையில் நடந்த சுயமரியாதைத் திருமணங்களிலும் தாலியோ மாலையோ ஏறும்போது மேளம் கொட்டியிருக்கிறது. தாராவித் தமிழர்களில் பலருக்குப் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. காருகுறிச்சியும் அங்கேதான் இருக்கிறது. இதை யாருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள்?

பறைக்கும் இதே கதிதான், இன்னும் கசப்பாக. சாவுக்கு அடிப்பது கல்யாணத்தில் ஆகாது என்று அதை மங்கலப் பட்டியலிலிருந்தே தள்ளி வைத்தது சாதி. புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மண முழவும் ஒரே நேரம் ஒலிப்பதைக் காட்டுகிறார். தோல் இரண்டிலும் தோல்தான், அடி வேறு. இப்போது தாராவிக் கல்யாணங்கள் சிலவற்றில் பறை பெருமையோடு திரும்பி வருகிறது. தாய்மாமன் சீர் வரும்போது பார்க்க வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. முன்னால் அடிப்பவர் முகத்தை ஊர்வலத்தின் பக்கம் வைத்துக்கொண்டு பின்னுக்கு நடக்கிறார். ‘சீர்த்தட்டு தூக்கின அத்தை பின்னால நிக்கா, பைய போங்கய்யா’ என்று குரல் வந்ததும் அடி இறங்கிவிடுகிறது. சாக்கடை மூடி பெயர்ந்த இடத்தைத் தட்டுகள் தாண்டும்வரை ஒரே அடியில் நின்று சுற்றுகிறது. கடைசித் தட்டு தாண்டியதும் பெண்கள் குலவையிட, அடி ஏறுகிறது. ஆனி மழையில் தோல் தொய்ந்துவிட்டால் சந்து முனையில் பழைய பேப்பரைக் கொளுத்திக் காய்ச்சிக்கொள்கிறார்கள். இந்த ஊர்வலத்தை ஒரு ஸ்பீக்கர் வண்டியால் நடத்த முடியுமா? முதலில் வண்டி சந்துக்குள் நுழையாது.

தாராவிப் பையன்கள் ராப் பாடுகிறார்கள். ‘காலா’ (2018) படத்தில் அந்த ஊர் டோப்அடெலிக்ஸ் குழுவின் குரல் ஒலித்தது. கல்யாணத்துக்கு அவர்களைக் கூப்பிட்டால் எனக்கு ஆட்சேபணையே இல்லை. எதிரே நிற்கும் மாப்பிள்ளையைப் பார்த்து அங்கேயே வரி கட்டுகிறவன், நலங்கில் பாட்டு கட்டிய மாமிக்குச் சொந்தக்காரன்தான்.

என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது விவரம் தெரிந்தவர்கள். கிங் சர்க்கிளில் சண்முகானந்தா சபா 1952இல் தொடங்கியது. அரங்கம் 1963இல் திறந்தது, 1990இல் தீயில் போனது, 1998இல் மறுபடி எழுந்தது. அந்த அரங்கத்தில் தோடி ஆலாபனைக்கு உச்சுக்கொட்டியவர்கள், செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸில் தனி ஆவர்த்தனத்துக்குத் தொடை சிவக்கத் தாளம் போட்டவர்கள், சொந்த மகள் கல்யாணத்தில் அதே தோடியை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு வாட்ஸாப் பார்க்கிறார்கள். மேளக்காரருக்கு இடம் எங்கே? பூ அலங்காரத் தூணுக்குப் பின்னால், படக்காரரின் விளக்குக் காலுக்கும் பரிசு மேசைக்கும் நடுவில். அங்கிருந்து சாஸ்திரிகளின் கை தெரியாது. தவில்காரர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிறார், கேமராக்காரர் மறைக்கிறார். கடைசியில் கூட்டத்திலிருந்து யாராவது விரலை ஆட்டிக் கத்த வேண்டியிருக்கிறது. ஒரு நொடி பிந்திவிட்டால், ‘பாருங்கோ, இவா சரியா வாசிக்கறதில்லை’ என்று பேச்சு. வித்தையைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கட்டிப்போட்டுவிட்டு வித்தையில் குறை சொல்கிறார்கள்.

மும்பையில் ஆள் கிடைப்பதில்லை என்பதும் முழு உண்மை இல்லை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கோயில் உற்சவங்களை நம்பி வாழும் செட்டுகள் இருக்கின்றன. பெரிய கல்யாணத்துக்கு ஊரிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒத்துக்கு ஒரு சுருதிப் பெட்டி, ஒரு தாளம். செம்பூரில் முகூர்த்தம் முடித்துத் தவிலை உறையில் கட்டி லக்கேஜ் டப்பாவில் ஏறி, வடாலாவில் வண்டி மாறி, கிங் சர்க்கிளில் இறங்கி அடுத்த மண்டபத்துக்கு ஓடுகிறவர்களை நல்ல முகூர்த்த நாட்களில் பார்க்கலாம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வருமானம் ஒன்றும் கிடையாது. கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். வாங்கி ஊதுகிறவருக்கு வருஷத்தில் இத்தனை நாள் வேலை என்று எந்தக் குறியீடும் உத்தரவாதம் தராது.

செலவா? பட்டியல் பாட்டுக்கும் செலவு இருக்கிறது. ஒலிபெருக்கி, விளக்கு, டி.ஜே., அதற்கு மேல் சில ஹோட்டல்கள் இசை உரிமத் தொகை என்று நீட்டும் சீட்டு. காப்புரிமைச் சட்டத்தின் 52(1)(இஸட்ஏ) பிரிவு கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டத்துக்கும் விலக்கு தருகிறது என்று மத்திய அரசே 2023 ஜூலையில் தெளிவுபடுத்தியது; அது தெரியாமல் கட்டிவிட்டு வருகிறார்கள். மேடைப் பூவுக்குக் கொடுப்பதில் ஒரு பங்கு இருந்தால் நல்ல செட்டு வரும்.

வரவேற்புக்கு என்ன பாட்டு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே யாரும் எதையும் கட்டுவதில்லை, காத்திருக்கவும் ஒன்றுமில்லை. காலைக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்: முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கோயிலில் அவர்கள் வாசிப்பதை நின்று கேளுங்கள். வரப்போவது அதே ஆட்களா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மேடையில் சாஸ்திரிகளுக்கு நேரெதிரே, படக்காரருக்கு முன்னால் உட்கார வையுங்கள். முகூர்த்தம் முடிந்ததும் அவர்களுக்கு முதல் பந்தியில் இலை போடுங்கள். அடுத்த மண்டபத்துக்கு அவர்கள் வண்டி பிடிக்க வேண்டும். ஆனியில் கல்யாணம் என்றால் மாசியிலேயே பேசிவிடுவது நல்லது. பங்குனி உத்தரம் வந்துவிட்டால் கோயில்காரர்கள் முந்திக்கொள்வார்கள்.